யானையைத் தொட்ட கை

ஒன்பது நாளாக அந்த அறையில் இரண்டு கட்டில்கள். ஒன்றில் கண்ணாடிக்கடைக்காரி படுத்தாள். மற்றதில் யாரும் படுக்கவில்லை. போட்டி நடத்துகிறவர்கள் இரண்டு பேருக்கு ஓர் அறை என்றுதான் கொடுப்பார்கள். கூட வரவேண்டிய பெண் காய்ச்சல் என்று கடைசி நேரத்தில் நின்றுவிட்டாள். அறை துடைக்கிற அம்மாள் மட்டும் தினமும் பிசகாமல் இரண்டு துண்டு, இரண்டு சோப்பு, இரண்டு தம்ளர் வைத்துவிட்டுப் போனாள். மூன்றாம் நாள் கண்ணாடிக்கடைக்காரி சொல்லிப் பார்த்தாள்.

"ஒரு ஆள்தாங்க இருக்கேன்."

"இருக்கட்டும்மா. இன்னொரு ஆள் வந்தா?"

அதற்குப் பிறகும் எல்லாம் இரண்டிரண்டாகவே வந்துகொண்டிருந்தன.

கடைசிச் சுற்று அன்று காலையில் எழுந்தபோது மற்றக் கட்டிலின் தலையணையில் ஒரு பள்ளம் இருந்தது. தூக்கக் கலக்கத்தில் தானே போய்ப் படுத்திருக்கலாம். பையை வைத்து எடுத்திருக்கலாம். ஆயிரம் காரணம் இருக்கும். அவள் ஒன்றையும் யோசிக்காமல் தலையணையைத் தட்டிச் சரிசெய்துவிட்டுப் பல் தேய்க்கப் போனாள். எட்டு வருடமாக இந்த மாதிரி விஷயங்களோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு இதெல்லாம் புதிதல்ல.

செஸ் ஆடும் பெண்கள் மத்தியில் அவளுக்குக் கண்ணாடிக்கடைக்காரி என்றுதான் பெயர். வேலையும் கண்ணாடிக்கடையில்தான். டாக்டர் எழுதிக் கொடுத்த பவரைப் பார்த்து, லென்ஸைச் சட்டத்தின் அளவுக்குத் தேய்த்து, விளிம்பு உறுத்தாமல் பொருத்திக் கொடுக்கிற வேலை. கொஞ்சம் பிசகினாலும் போட்டுக்கொண்டவருக்கு மண்டையிடி. அந்தக் கை செஸ் பலகையிலும் அப்படித்தான், அவசரப்படாது. வயது முப்பத்தெட்டு. முதலாளி ஒன்பது நாள் விடுப்பை முகத்தைச் சுளித்துக்கொண்டே கொடுத்தார். இதுதான் கடைசி என்று அவரிடமும் சொல்லியிருந்தாள், அம்மாவிடமும் சொல்லியிருந்தாள்.

நாட்டின் மகளிர் அணிக்கு ஐந்து பேர். நாலு பேர் முடிவாகிவிட்டார்கள். ஐந்தாவது இடத்துக்கு இவளும் ஒரு நர்ஸும் சமமான புள்ளியில் வந்து நின்றார்கள். கடைசிச் சுற்றில் அவர்கள் இரண்டு பேருக்குள்ளேயே ஆட்டம். ஜெயித்தவள் அணியோடு வெளிநாடு போவாள். சமனில் முடிந்தால் மற்ற சுற்றுகளை அலசி நர்ஸைத்தான் அனுப்புவார்கள். ஆக, இவள் ஜெயித்தே தீரவேண்டும், அதுவும் கறுப்புக் காய்களை வைத்துக்கொண்டு.

அந்த இடம் ஏன் அவ்வளவு வேண்டும் என்று கேட்டால், வெளிநாடு பார்க்கும் ஆசை இல்லை. ஏற்கெனவே ஒருமுறை போய் வந்தவள்தான். பதினோரு வருடத்துக்கு முன்னால், இதே ஐந்தாவது இடத்தில். அது தனக்கு உரிய இடம்தானா என்ற கேள்வி அன்றிலிருந்து அவளைத் தின்றுகொண்டிருந்தது. இன்னொரு முறை, யாரும் விரல் நீட்ட முடியாதபடி ஆடி ஜெயித்து, அதே இடத்தை வாங்கிவிட்டால் அந்தக் கேள்வி அடங்கிவிடும் என்று நம்பினாள். எப்படி அடங்கும் என்று நீங்கள் கேட்கலாம். மனிதர்கள் எதையாவது நம்பிக்கொண்டுதானே காலையில் பல் தேய்க்கிறோம்.

அன்றைக்கு அந்த இடத்தை யாரிடமிருந்து வாங்கினாள் என்று சொன்னால்தான் மீதி புரியும். அவளுடைய சொந்த அக்காவிடமிருந்து.

அக்கா மூன்று வயது மூத்தவள், ஆட்டத்தில் முப்பது வயது மூத்தவள். வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே அறை. இரண்டு கட்டில், நடுவில் ஒரு ஸ்டூல், ஸ்டூல்மேல் பலகை. ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயைத் தள்ளித் தொடங்குகிற ஓர் ஓப்பனிங்கை அவர்கள் வருடக்கணக்காக உருட்டினார்கள். வெள்ளை அக்காவுக்கு, கறுப்பு தங்கைக்கு. யார் எதை எப்போது நகர்த்துவார் என்பது இரண்டு பேருக்கும் தலைகீழாகப் பாடம். ஏழாவது நகர்த்தலில் கறுப்பு கோட்டை கட்டும். ஒன்பதாவதில் வெள்ளை கோட்டை கட்டும். எந்த நாளும் இது மாறியதில்லை.

செஸ் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கோட்டை கட்டுவது என்றால் ராஜாவை மூலைப் பக்கமாக இரண்டு கட்டம் நகர்த்தி, மூலையில் நிற்கும் யானையை எடுத்து ராஜாவுக்கு அந்தப் பக்கம் வைப்பது. ஒரே நகர்த்தலில் இரண்டு காய்கள். ஆனால் முதலில் ராஜாவைத்தான் தொடவேண்டும், அது சட்டம். யானையை முதலில் தொட்டுவிட்டால் தொட்ட காயை ஆடு என்கிற விதி வந்து குறுக்கே நிற்கும். யானை மட்டும் நகரும், ராஜா நடுவழியில் நிற்பான்.

அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே யானைதான் முதலில். மூன்று விரலால் யானையின் கழுத்தைப் பிடிப்பாள், அதே வீச்சில் ராஜாவையும் இழுத்து வைத்துவிடுவாள். கண்ணை இமைப்பதற்குள் காரியம் முடிந்திருக்கும். எத்தனையோ போட்டிகள் ஆடியும் எதிரில் உட்கார்ந்த ஒருத்தியும் கவனித்ததில்லை. தங்கைக்கு மட்டும்தான் தெரியும்.

"ராஜாவ முதல்ல தொடுக்கா. ஒரு நாள் எவளாவது பிடிச்சுக்கப் போறா."

"எவ பிடிப்பா? நீ பிடிச்சாத்தான் உண்டு," என்பாள் அக்கா, சிரித்துக்கொண்டே.

பதினோரு வருடத்துக்கு முன் அணியின் ஐந்தாவது இடத்துக்கு அக்காவும் தங்கையும் மோதவேண்டி வந்தது. முதல் நாள் சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே அறையில் துணி மடித்தார்கள், ஒரே தட்டிலிருந்து பழம் சாப்பிட்டார்கள், செஸ் பற்றி மட்டும் பேசவில்லை. தங்கை கணக்குப் போட்டுப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து அக்காவை அவள் ஜெயித்த ஆட்டங்களை எண்ணக் கைவிரல் போதும். ஆட்டத்தால் முடியாது. வேறு எதனால் முடியும் என்று யோசித்தாள் பாருங்கள், அங்கேதான் அவள் கெட்டுப்போனாள்.

மறுநாள் அக்கா வீட்டு ஓப்பனிங்கையே ஆடினாள். தங்கை அதற்குத்தான் காத்திருந்தாள். ஏழாவது நகர்த்தலுக்குப் பிறகு அவள் பலகையைப் பார்க்கவே இல்லை. கண்கொத்திப் பாம்பு மாதிரி அக்காவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாவது நகர்த்தல் வந்தது. கை மூலைக்குப் போனது. மூன்று விரல் யானையின் கழுத்தில் பட்டதுதான் தாமதம், தங்கை கையைத் தூக்கிவிட்டாள்.

"மேடம்!"

நடுவரம்மா வந்தாள். இன்றைய கடைசிச் சுற்றுக்கும் அவள்தான் நடுவர்; அப்போது அவளுக்கு முழங்கால் வலி கிடையாது, விறுவிறுவென்று வந்தாள்.

"அவங்க யானையத் தொட்டுட்டாங்க," என்றாள் தங்கை. அவங்க என்றாள், அக்காவை.

"தொட்டீங்களா?"

அக்கா நடுவரைப் பார்க்கவில்லை. தங்கையைத்தான் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் இவள் எப்போதோ மறந்திருப்பாள். தெரியாத ஒரு ஆளைப் பார்க்கிற மாதிரி, யார் இது என்று யோசிக்கிற மாதிரிப் பார்த்தாள்.

"தொட்டேன்."

"அப்போ யானையத்தான் ஆடணும்."

அக்கா நாற்பது நிமிடம் யோசித்தாள். நடுவில் ஒருமுறை எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். யானை போகக்கூடிய கட்டங்கள் இரண்டே இரண்டு. ஒன்று பக்கத்திலேயே, குதிரை கிளம்பிப் போன கட்டம். இன்னொன்று அதைத் தாண்டி, ராஜாவை ஒட்டினாற்போல. அக்கா ராஜாவை ஒட்டிய கட்டத்தில் யானையை வைத்தாள். வீட்டைக் கட்டிவிட்டுக் குடிபோகாமல் வாசலில் நிற்கிற மாதிரி ராஜா நின்றது. அதற்கப்புறம் அவள் ஆடியதெல்லாம் கடனுக்கு. இருபத்தொன்றாவது நகர்த்தலில் ராஜாவைச் சாய்த்து, தாளில் கையெழுத்துப் போட்டு, கை நீட்டினாள்.

"போயிட்டு வா," என்றாள்.

தங்கை போய்விட்டு வந்தாள். அக்கா அதற்குப் பிறகு காயைத் தொடவில்லை. சண்டை இல்லை, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. அம்மாவின் மாத்திரை, தண்ணீர்க் குழாய் ஒழுகுவது, யார் வீட்டில் என்ன விசேஷம், எல்லாம் பேசினார்கள். அந்த நாற்பது நிமிடத்தை மட்டும் இரண்டு பேரும் சுற்றிக்கொண்டு போனார்கள். பிறகு கேட்கலாம், பிறகு கேட்கலாம் என்று தங்கை தள்ளிப்போட்டாள். மூன்றாவது வருடம் ஒரு மத்தியானம் அக்கா வேலை பார்த்த தபால் அலுவலகத்தில், கவுண்டரில் உட்கார்ந்தபடியே சரிந்தாள். தலைக்குள் நரம்பு வெடித்துவிட்டது என்றார்கள். இரண்டு நாள் இருந்தாள், கண் திறக்கவில்லை. கேட்கவேண்டியதைக் கேட்க இனி ஆள் இல்லை.

சட்டம் சட்டம்தானே, தொட்டால் ஆடத்தானே வேண்டும், நானா விதியை எழுதினேன் என்று கண்ணாடிக்கடைக்காரி தனக்குத்தானே எத்தனையோ தடவை வாதாடிவிட்டாள். வாதம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஓப்பனிங்கை அவள் மறுபடி ஆடவில்லை, பலகையில் வைத்துப் பார்க்கவில்லை, கம்ப்யூட்டரில் தட்டிப் பார்க்கவில்லை. எதிராளி கோட்டை கட்டப்போகிறாள் என்று தெரிந்தால் தலையைக் குனிந்துகொள்வாள். பதினோரு வருடமாக ஒருத்தி கோட்டை கட்டுவதையும் அவள் கண்ணால் பார்த்ததில்லை. மற்றப் பெண்கள் அதை ஏதோ ராசி என்று நினைத்துக் கிண்டல் செய்தார்கள். வெட்டிய சிப்பாயை நகத்தால் தட்டிக்கொண்டே யோசிப்பது அக்காவின் பழக்கம். அந்தச் சத்தம் சில ஆட்டங்களில் கேட்கும், யாரும் தட்டாதபோது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் கண்ணாடிக்கடைக்காரியைக் காது டாக்டரிடம் காட்டவேண்டும் என்பார்கள்.

கடைசிச் சுற்று நடந்த கூடத்தில் ஏஸி கொஞ்சம் அதிகம். நர்ஸ் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். இருபத்தாறு வயது இருக்கும். கை கொடுத்தபோது சோப்பு வாசனை வந்தது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் முழங்கை வரைக்கும் கழுவிக்கொண்டுதான் வருவாளாம்.

"நல்லா ஆடுங்கக்கா," என்றாள் நர்ஸ்.

யாரைப் பார்த்தாலும் அக்கா என்கிற பெண். அதில் ஒன்றும் தப்பில்லை. ஆனாலும் கண்ணாடிக்கடைக்காரி கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

நர்ஸ் முதலில் குதிரையைத்தான் எடுத்தாள். நல்லதாகப் போயிற்று, இது வேறு ஆட்டம் என்று இவள் நிம்மதியாக மூச்சு விட்டாள். ஆனால் செஸ்ஸில் ஒரு தொல்லை உண்டு. எந்த வாசலில் நுழைந்தாலும் சில சமயம் ஒரே கூடத்தில்தான் கொண்டுபோய் விடும். ஒரு சிப்பாய், இன்னொரு சிப்பாய், ஒரு குதிரை. ஐந்தாவது நகர்த்தலில் இவளுக்குச் சந்தேகம் வந்தது. ஆறாவதில் அது உறுதியாயிற்று. வேறு வரிசையில் வந்தாலும், பலகையில் நிற்பது வீட்டு ஸ்டூல்மேல் நின்ற அதே காய்கள். விலகிப் போகலாம்தான். விலகினால் நிலைமை மோசமாகும், ஜெயிக்க முடியாது, இடம் போய்விடும். கை தானாகப் போய் ஏழாவது நகர்த்தலில் கோட்டை கட்டியது. அதற்கு அந்த வழி மறக்கவில்லை.

எட்டாவது நகர்த்தலும் முடிந்தது. நர்ஸ் யோசித்தாள். அடுத்தது கோட்டை. வழக்கம்போலத் தலையைக் குனியவேண்டிய நேரம். இவள் குனியவில்லை. ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. டக், டக், டக் என்று நகம் தட்டுகிற சத்தம் கேட்டது. பலகையில் இன்னும் ஒரு காய்கூட வெட்டுப்படவில்லை.

நர்ஸின் கை எழுந்தது. மூலைக்குப் போனது. மூன்று விரல் யானையின் கழுத்தில் பட்டது.

கண்ணாடிக்கடைக்காரிக்கு உலகமே நின்றுபோனது. யானைதான் முதலில். அதே தப்பு, அதே நகர்த்தல், அதே ஐந்தாவது இடம். கையைத் தூக்கினால் போதும். ஆனால் அவளுக்குத் தோன்றியது அது இல்லை. எட்டு வருடமாக மற்றக் கட்டிலில் படுத்துக்கொண்டு இருக்கிறவள் இன்றைக்கு எதிரில் வந்து உட்கார்ந்து, இன்னொரு முறை தருகிறேன், இந்தத் தடவை என்ன செய்கிறாய் பார்ப்போம் என்று கேட்கிறாள். அப்படித்தான் இவளுக்குப் பட்டது. பலகையின் மேல் சாய்ந்து, மெல்லச் சொன்னாள்.

"பரவால்ல. கோட்டை கட்டிக்கோங்க. நான் யாரையும் கூப்பிட மாட்டேன்."

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். விரல் யானைமேலேயே இருந்தது.

"என்னக்கா?"

"ராஜாவ எடுத்து வச்சுக்கோங்க. நான் பார்க்கல."

"நான் கோட்டை கட்டலையேக்கா."

சொல்லிவிட்டு நர்ஸ் இன்னொரு கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டாள். சரியாகத்தான் செய்தாள். ஆட்டத்தின் நடுவே எதிராளி பேசினால் கூப்பிடவேண்டியதுதான், மருந்துச் சீட்டில் சந்தேகம் வந்தால் டாக்டரைக் கூப்பிடுவதில்லையா. அதே நடுவரம்மாதான் வந்தாள், முழங்காலில் பட்டையோடு, நாற்காலிகளைப் பிடித்துப் பிடித்து.

"இவங்க ஏதோ கோட்டை கட்டச் சொல்றாங்க மேடம். நான் யானைய ஆடப் போறேன்."

நடுவரம்மா யானையைப் பார்த்தாள், கண்ணாடிக்கடைக்காரியைப் பார்த்தாள். இவள் முகத்தில் ஈ ஆடவில்லை.

"யானையத் தொட்டவங்க யானைய ஆடப் போறாங்க. இதுல நீங்க பேச என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல மேடம். தப்புதான்."

"எதிராளிகிட்ட பேசக் கூடாது. எச்சரிக்கை. அவங்களுக்கு ரெண்டு நிமிஷம் கூடுதலா போடறேன்."

கடிகாரத்தில் இரண்டு நிமிடம் ஏறியது. சுற்றுப்பட்ட மேசைகளில் தலைகள் திரும்பி, மறுபடி குனிந்தன. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல அவளுக்கு அவமானமாக இருந்தது. நர்ஸ் யானையைப் பக்கத்துக் கட்டத்தில், குதிரை கிளம்பிப் போன கட்டத்தில் வைத்துவிட்டுக் கடிகாரத்தை அழுத்தினாள்.

அவமானம் அடங்கிய பிறகுதான் அவள் பலகையைப் பார்த்தாள். முதலில் புரியவில்லை. ராஜா நடுவில் இருக்கிறது, கோட்டை இனி அந்தப் பக்கம் இல்லை, இது என்ன ஆட்டம் என்று தோன்றியது. பிறகு மெதுவாகத் தெரிந்தது. யானைக்கு முன்னால் ஒரு சிப்பாய். அது இரண்டு கட்டம் ஓடும், மறுபடி ஓடும், வழியில் இவளுடைய குதிரையை விரட்டும். பின்னாலிருந்து யானை நேராக இவளுடைய ராஜாவின் வாசலைத் தட்டும். மூலைவிட்டக் கோட்டில் மந்திரி வந்து சேர்ந்துகொள்ளும். நடுவில் சிப்பாய்கள் முட்டிக்கொண்டு நிற்பதால் நர்ஸின் ராஜாவுக்கு அங்கே ஓர் ஆபத்தும் இல்லை. கோட்டை கட்டிக்கொண்ட இவள்தான் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டவள். பதினோரு வருடமாக எது தண்டனை என்று நினைத்தாளோ, அது ஆயுதம்.

யானைக்கு இரண்டு கட்டம். நர்ஸ் யோசிக்காமல் ஒன்றில் வைத்தாள். அக்கா நாற்பது நிமிடம் யோசித்து மற்றதில் வைத்தாள்.

அக்காவுக்கு இது தெரியாமல் இருந்திருக்குமா? எதிராளியின் ராஜாவைத் தாக்குவது என்றால் அக்காவுக்கு மூக்கில் வியர்க்கும். மற்றவர்கள் பத்து நிமிடம் தேடுவதை அவள் துணி மடித்துக்கொண்டே சொல்லுவாள். நாற்பது நிமிடம் வேண்டாம், நாற்பது விநாடி போதும். பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு, செத்த கட்டத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். சட்டம் ஜெயித்தது என்று இவள் சொல்லிக்கொண்டதெல்லாம் பொய். அக்கா விட்டுக் கொடுத்திருக்கிறாள்.

அந்த நினைப்புக்குப் பின்னாலேயே இன்னொன்று வந்து நின்றது. அன்றைக்கு அக்காவின் விரல் யானைமேல் பட்டதும் இவள் கத்திவிட்டாள். ராஜாவைத் தொடுகிறாளா என்று பார்க்க ஒரு விநாடி பொறுக்கவில்லை. ஒன்பதாவதில் கோட்டைதான், வேறு என்ன என்று நினைத்தாள். அக்கா கோட்டை கட்டத்தான் கையை நீட்டினாளா? இல்லை, இந்த நர்ஸைப் போல, யானையை ஆடவே நீட்டினாளா? பிடித்துக்கொண்டது தப்பையா, வெறும் கையையா?

அவள் எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கடிகாரம் ஓடியது. நிமிர்ந்து பார்த்தபோது முப்பத்தெட்டு நிமிடம் போயிருந்தது.

பிறகு ஆடினாள். ஆடவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அந்த இடம் அவளுக்கு இன்னும் வேண்டியிருந்தது, முன்னைவிட அதிகமாக. ஒரு குதிரையைக் கொடுத்து இரண்டு சிப்பாய் எடுத்தாள். நடுவை உடைத்தாள். ஒரு கட்டத்தில் நர்ஸ் ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் போட்டாள், அந்த அளவுக்கு அவளுக்கு வியர்த்தது. பதினெட்டாவது நகர்த்தலில் நர்ஸ் மறுபக்கத்து யானையோடு கோட்டை கட்டினாள். ராஜாவைத்தான் முதலில் எடுத்தாள், இரண்டு கட்டம் வைத்தாள், பிறகுதான் யானை. கண்ணாடிக்கடைக்காரி கண் இமைக்காமல் அதைப் பார்த்தாள். முப்பத்து நான்காவது நகர்த்தலில் ஒளிய இடமில்லை. ராஜாவைச் சாய்த்துவிட்டுக் கை நீட்டினாள். இடம் நர்ஸுக்குப் போயிற்று.

"ஸாரிக்கா. அப்ப நான் கம்ப்ளெய்ன்ட் பண்ணாம இருந்திருக்கலாம்."

"நீங்க பண்ணதுதான் சரி." அவள் சாய்ந்த ராஜாவை நிமிர்த்தி வைத்தாள். "அந்த யானை, அது எங்க கத்துக்கிட்டீங்க?"

"கம்ப்யூட்டர் காட்டுச்சுக்கா. எட்டு மாசமா யார்கிட்டயும் ஆடாம வச்சிருந்தேன்."

"கம்ப்யூட்டர் இல்லாத ஒரு ஆளுக்கு அது தோணுமா?"

நர்ஸ் ஸ்வெட்டரை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "நல்லா தாக்கி ஆடறவங்களா இருந்தா தோணும்கா. வீட்ல உக்காந்து யோசிச்சு வச்சிருந்தா கண்டிப்பா தோணும்."

கூடம் காலியாகிக்கொண்டிருந்தது. நடுவரம்மா ஓர் ஓரத்து மேசையில் உட்கார்ந்து, ஆட்டத் தாள்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கடைக்காரி தன் தாளை நீட்டினாள். நீட்டியவள் போகவில்லை.

"மேடம், ஒண்ணு கேக்கணும். பதினோரு வருஷத்துக்கு முன்னாடி நான் உங்களக் கூப்பிட்டேன்."

"உங்க அக்கா ஆட்டம்." நடுவரம்மா தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீ எப்ப கேப்பேன்னு பாத்துட்டே இருந்தேன்."

"அன்னைக்கு அக்கா கை ராஜாகிட்ட போச்சா?"

"நான் ரெண்டு மேசை தள்ளி நின்னுட்டு இருந்தேன். கை யானை மேலதான் இருந்துச்சு. நீ கத்தினதும் அப்படியே நின்னுடுச்சு. யானையத் தொட்டவ யானைய ஆடப் போறா, இந்தப் பொண்ணு எதுக்குக் கூப்பிடுதுன்னுதான் நினைச்சேன். விதியக் கேட்டே, விதியச் சொன்னேன்."

"அக்கா ஏன் ஒண்ணும் சொல்லல?"

நடுவரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு முழங்காலைத் தடவிக்கொண்டாள்.

"முகம் கழுவ வந்தாளே, அப்ப நானும் அங்க நின்னேன். ஆட்டத்தப் பத்தி ஆடறவங்களோட பேசக் கூடாது, நான் ஒண்ணும் கேக்கல. அவளா சொன்னா. தண்ணிய மூடிட்டு, கண்ணாடியப் பாத்துட்டே சொன்னா. இவளுக்கு இது இவ்வளவு வேணும்னு எனக்குத் தெரியாம போச்சு மேடம்னா. அவ்வளவுதான். உள்ள போய் ராஜா பக்கத்துல கொண்டுபோய் யானைய வச்சா."

"நீங்க எழுதலையா?"

"எழுதியிருக்கணும். வேணும்னே தோக்கறது குத்தம். எழுதினா அவளுக்குத்தான் தடை வரும். மனசு வரல."

கண்ணாடிக்கடைக்காரிக்கு அழுகை வந்தது. எட்டு வருடத்துக்கு முன் ஆஸ்பத்திரி வராந்தாவில் வராத அழுகை இந்தத் தாள்களுக்கு முன்னால் வந்து நின்றது. கேட்டிருந்தால் அக்கா கொடுத்திருப்பாள். வாய்விட்டு ஒரு வார்த்தை, எனக்கு ஆசையா இருக்குக்கா என்று துணி மடிக்கும்போது கேட்டிருந்தால், சிரித்துக்கொண்டே கொடுத்திருப்பாள். கேட்காமல் திருடப் பார்த்தாள். திருடக்கூட வரவில்லை, அதையும் அக்காவே எடுத்துக் கையில் வைக்கவேண்டியிருந்தது. முகத்தைத் துடைத்துக்கொள்ளாமலேயே அவள் குனிந்து, மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், அதை மாத்துங்க. அந்த ஆட்டத்துல அக்கா ஜெயிச்சதா எழுதுங்க. நான் எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடறேன். பழைய லிஸ்ட்ல என் பேர அடிச்சுடுங்க."

நடுவரம்மா மூக்குக்கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் வந்து எத்தனையோ கேட்டிருப்பார்கள். இப்படி ஒருத்தியும் கேட்டிருக்கமாட்டாள்.

"உன் கையெழுத்து பத்தாதும்மா," என்றாள் மெதுவாக. "தோத்தேன்னு கையெழுத்துப் போட்டது அவ. அவ வந்துதான் மாத்தணும்."